அப்பாவின் மொழி

வணக்கம்.

என் கணவர் ஃபின்லாந்துக்காரர், தம்பெரே ஊர். மூன்று வருடங்களாக ஸ்வீடனில், கோதன்பர்கில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. என்னோடு தமிழில் பேசுகிறார்கள். ஆனால் அப்பா ஃபின்னிஷில் கேட்டால் ஸ்வீடிஷில்தான் பதில் வருகிறது. “மூன்று மொழி சுமை, ஃபின்னிஷை விட்டுவிடலாம்” என்று இப்போது அவரே சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

விடாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இது ஒருமுறை நடந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் லட்சக்கணக்கான ஃபின்லாந்துக்காரர்கள் பிழைப்புக்காக ஸ்வீடனுக்கு வந்தார்கள். உங்கள் ஊர் வால்வோ ஆலையிலும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். பிள்ளைகளோடு ஸ்வீடிஷ் பேசுங்கள், அதுதான் அவர்களுக்கு நல்லது என்று பல பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அவர்களும் நம்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் தாத்தா பாட்டியோடு பேச மொழியில்லாமல் வளர்ந்தார்கள். சுமை என்ற பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

இன்று சட்டம் உங்கள் பக்கம். 2000இல் ஃபின்னிஷ் அங்கே தேசியச் சிறுபான்மை மொழியானது. கேட்பது ஒரே ஒரு பிள்ளையானாலும், ஆசிரியர் கிடைத்தால் பள்ளி தாய்மொழி வகுப்பு நடத்தியாக வேண்டும். மகனுக்கு முன்பள்ளியையே ஃபின்னிஷில் கேட்கலாம். ஃபின்னிஷ் பேசுபவர்களுக்கு இந்த உரிமை உள்ள நிர்வாகப் பகுதிக்குள் கோதன்பர்க் வருகிறது. பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்மொழிதான் தருவார்கள். ஃபின்னிஷைக் கேளுங்கள். தமிழ் உங்கள் வாயில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் அந்த வகுப்பு வாரத்தில் கொஞ்ச நேரம்தான். அப்பாவுக்கு ஸ்வீடிஷ் புரியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பிறகு எதற்குச் சிரமப்பட வேண்டும்? ஸ்வீடிஷ் செல்லாத இடம் அவர்களுக்கு வேண்டும், அதுவும் மற்ற பிள்ளைகள் இருக்கும் இடமாக. கோடையில் தம்பெரேக்கு அனுப்புங்கள், முடிந்தால் நீங்கள் இருவரும் இல்லாமல். ஃபின்லாந்தில் பள்ளிகள் ஆகஸ்ட் 10 வாக்கில் திறந்துவிடும். ஸ்வீடனில் இன்னும் சில நாள் விடுமுறை இருக்கும். பாட்டி வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில், அந்த நாட்களில் மகள் வகுப்பில் உட்காரலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பக்கத்தில் உட்காரும் ஒரு தோழி செய்வதை நாம் யாரும் செய்ய முடியாது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் அவர் ஃபின்னிஷிலேயே தொடரட்டும். “ஃபின்னிஷில் சொல்” என்று நிறுத்த வேண்டாம், பிள்ளை பேச வந்த விஷயமே போய்விடும். அந்த மொழியில் 15 வேற்றுமைகள், தப்பு வரத்தான் செய்யும். சரியான வடிவத்தைத் தன் பதிலில் இயல்பாகச் சொன்னால் போதும். அப்புறம், சாப்பாட்டு மேசையில் உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று எல்லோரும் ஸ்வீடிஷுக்கு மாறுகிறீர்களா? அப்படியென்றால் கொஞ்சம் புரியாமல் உட்கார்ந்திருங்கள். கேட்டுக் கேட்டு உங்களுக்கும் வந்துவிடும்.

வாசிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபின்னிஷில் எழுதியபடியே உச்சரிப்பு. ஸ்வீடிஷ் படிக்கும் உங்கள் மகளுக்கு எழுத்துகள் ஏற்கெனவே தெரியும். நம்மைப் போலவே அங்கும் வீட்டுப் பேச்சு வேறு, புத்தக மொழி வேறு. வீட்டில் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டாவது எட்டாமலே போகும். அதனால் தினமும் இரவில் அப்பா ஒரு கதை வாசிக்கட்டும். சின்னவனுக்கு, 1977 முதல் ஃபின்லாந்துத் தொலைக்காட்சியில் வரும் ‘பிக்கு கக்கோனென்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி இருக்கிறது. உங்கள் கணவரும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.