மலையேத்தத்துல டிரெய்லர் இழுக்கிற பழைய வண்டிக்கு ஆயில்: கேள்வி பதில்

கம்பம்: லோயர் கேம்ப்ல இருந்து குமுளிக்கு டிரெய்லரோட ஏறுற பழைய டீசல் ஜீப். எத்தனை கிலோமீட்டருக்கு ஆயில் மாத்தணும்ணே?

வண்டியோட கையேட்டுப் புத்தகத்துல இருக்கிற கணக்கு சமதரை ஓட்டத்துக்கு. பாரம் இழுத்தா அதுல பாதி வைங்க: 10,000னு இருந்தா 5,000. ஓட்டம் குறைவுன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை. கறுத்துப்போச்சேன்னு மட்டும் மாத்தாதீங்க, டீசல்ல புது ஆயிலும் சீக்கிரமே கறுக்கும்.

அதைவிட அளவுதான் முக்கியம். ஏத்தத்துல சம்ப்ல (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இருக்கிற ஆயில் பின்பக்கம் ஒதுங்கும். ஏற்கனவே குறைவா இருந்தா பம்ப் காத்தை இழுத்துரும். மலை ஏறுறதுக்கு முன்னாடி சமதரையில நிறுத்தி, 10 நிமிஷம் கழிச்சு ஸ்டிக் (ஆயில் அளவு காட்டுற கம்பி) பாருங்க. மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், தாண்டக் கூடாது. தாண்டினா சுத்துற கிராங்க் தண்டு ஆயிலை அடிச்சு நுரையாக்கி, பிரஷரே விழுந்துரும்.

போடி: 15டபிள்யூ-40 ஆயில் ஊத்தவா, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்தவா? ஏறி முடிச்சு ஐட்லிங்ல விட்டா ஆயில் லைட் மினுக்குது.

லைட்டை நம்பி ஆயிலை மாத்தாதீங்க தம்பி. லைட்டை எரிய வைக்கிற பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு, அந்த இடத்துல கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் பாருங்க. சரியா இருந்தா சுவிட்ச் கோளாறு. குறைவுன்னா பேரிங்கோ பம்போ தேஞ்சிருக்கலாம். கெட்டி ஆயில் கொஞ்ச நாள் தள்ளும், அவ்வளவுதான்.

செங்கோட்டை: ஊத்தாமலே ஸ்டிக்ல ஆயில் ஏறுது. நல்லதுதானே?

மோசம். ஆயில்ல டீசல் இறங்குது: இன்ஜெக்டர் ஒழுகலாம், ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். ஸ்டிக்ல இருந்து ஒரு சொட்டை செய்தித்தாள்ல விடுங்க. நடுவுல கறுப்பு, சுத்தி அகலமா எண்ணெய் வளையம் படர்ந்தா டீசல்னு சந்தேகப்படணும், மோந்தாலும் தெரியும். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா தண்ணி, அநேகமா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும். ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

குமுளி: பெட்ரோல் வண்டி. ஏறும்போது புகை இல்ல, கீழ இறங்கி மிதிச்சதும் நீலமா கக்குது.

வால்வு சீல். இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விடுறப்போ உறிஞ்சல் அதிகமாகி, வால்வு தண்டு வழியா ஆயிலை இழுக்கும். ஏறும்போதே புகைஞ்சா பிஸ்டன் ரிங்.

கூடலூர்: நானே மாத்துறேன். டிரெய்ன் பிளக்ல கசியுது.

வாஷரை ஒவ்வொரு தடவையும் புதுசா போடணும். கசியுதேன்னு மேல மேல முறுக்கினா சம்ப்ல இருக்கிற மரையே போயிரும். புது ஃபில்டரோட ரப்பர்ல ஆயில் தடவி, அது இன்ஜின்ல ஒட்டினதுக்கு அப்புறம் கையால முக்கால் சுத்து போதும். பிரீதர் குழாயையும் (இன்ஜின் உள்ள சேர்ற காத்தை வெளிய விடுற குழாய்) கழுவுங்க. அது அடைச்சா நல்ல சீல்லயும் கசியும்.