குலா கேட்பதற்கு முன் ஃபஸ்கைப் பாருங்கள்

கேள்வி: மூன்று வருடமாகத் தாய்வீட்டில் இருக்கிறேன். கணவர் செலவுக்கு ஒரு பைசா தருவதில்லை. தலாக்கும் சொல்ல மாட்டேன் என்கிறார். குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்டால், ‘மஹரையும் (கணவர் மனைவிக்குத் தரும் மணக்கொடை) நகையையும் திருப்பிக் கொடு’ என்கிறார். ஜமாஅத்தில் குலா சான்றிதழ் வாங்கினால் போதுமா?

பதில்: தமிழ்நாட்டில் போதாது. 2017-ல் ஒரு ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றிதழை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குலா பெண்ணின் உரிமைதான். அதற்குக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வாருங்கள் என்றது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழுக்கும், வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், 2017-லேயே தடை வந்துவிட்டது.

ஆனால், உங்களுக்குக் குலா எதற்கு? குலாவில் மஹரை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். 1939-ஆம் வருட முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி ஃபஸ்கு, அதாவது நீதிமன்றம் வழியாக மண முறிவு, கேட்டால் மஹர் உரிமை அப்படியே நிற்கும். 5-வது பிரிவு அதைச் சொல்கிறது. கணவரின் சம்மதமும் வேண்டாம். இரண்டு வருடம் பராமரிக்காததே 2-வது பிரிவில் தனிக் காரணம். நகை உங்கள் பெற்றோர் போட்டதென்றால் அது மஹரே அல்ல. அதை அவர் விற்றிருந்தாலோ, தராமல் வைத்திருந்தாலோ அதே பிரிவில் ‘கொடுமை’ என்ற காரணமும் சேரும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

வழக்கு சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ‘அவளாகத்தான் போனாள், பணமும் அனுப்பினேன்’ என்பார் கணவர். காரணம் எதுவானாலும் பராமரிக்காததே போதும் என்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1970-ல் தீர்ப்பளித்தார். எல்லா நீதிமன்றமும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆகவே ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்பதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று வருட வங்கிக் கணக்கு விவரம், செலவுக்குக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், மஹர் தொகை எழுதிய நிக்காஹ் தப்தரின் (திருமணப் பதிவேட்டின்) நகல், நகை ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். தப்தர் நகலை முதலில் வாங்குங்கள். வழக்கு போட்ட பிறகு பள்ளிவாசலில் இழுத்தடிப்பார்கள்.

ஜீவனாம்சத்துக்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவில் தனி மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்றிருந்த அந்தப் பிரிவு முஸ்லிம் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடி உறுதி செய்தது. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பின்னால் தருவதாக எழுதிய மஹர் பாக்கியிருந்தால், மண முறிவு நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். உடனே தர வேண்டிய மஹரைக் கேட்டு அவர் மறுத்திருந்தால், அந்த மூன்று வருடம் மறுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.