நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் ஆழத்தை எப்படி அறிகிறார்கள்?

கும்பகோணம் பக்கம் போர் போட்டால் களிமண்ணும் மணலும் மாறி மாறி வரும். அதற்கும் கீழே? மனிதர் போட்ட மிக ஆழமான துளையே, ரஷ்யாவின் கோலாவில், சுமார் 12 கி.மீ.தான். பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள 'கவசம்' (மேன்டில்) என்ற பாறை அடுக்கோ ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழம் வரை போகிறது. தோண்டிப் பார்க்கிற கதை நடக்காது.

அதனால் நிலநடுக்கத்தையே வேலை வாங்குகிறார்கள். அதன் அலைகள் பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வரை போகும். சூடான பாறையில் பொதுவாக மெதுவாகவும், குளிர்ந்த பாறையில் வேகமாகவும் செல்லும். வந்து சேரும் நேரத்தை உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகள் பதிவு செய்கின்றன.

நடவு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நடப்பவர் சட்டென்று வந்துவிடுவார். உழுத சேற்றில் இறங்கியவர் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, முழங்கால் வரை அப்பிக்கொண்டு, தாமதமாகத்தான் கரையேறுவார். எதிர்க்கரையில் கடிகாரத்தோடு நிற்பவருக்கு வயலைப் பார்க்காமலே சேறு எங்கே என்று தெரிந்துவிடும். ஒருவர் நடந்தால் போதாது. குறுக்கும் நெடுக்குமாகப் பலர் நடக்க வேண்டும். சிடி ஸ்கேனும் இதே கணக்குதான்.

இப்படித்தான் ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் கடலுக்கும் அடியில், கவசத்தின் அடிமட்டத்தில், அலைகள் மெதுவாகும் கண்டம் அளவு பகுதிகள் இரண்டு தெரியவந்தன. அவை என்ன என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.

அப்புறம், கவசம் என்றால் கொதிக்கும் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நிலநடுக்க அலைகளில் ஒரு வகையான, திரவத்தில் செல்லவே முடியாத எஸ் அலைகள் அதன் வழியே தாராளமாகப் போகின்றன. அது பெரும்பாலும் திடப் பாறைதான்.