நகையை அடகு வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: உயர்தரத்தில் வணிகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், இசட் புள்ளி போதாததால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தங்களிடம் ஓராண்டு டிப்ளோமா படித்தால், அதில் கிடைக்கும் கிரெடிட்டுகளோடு (படித்து முடித்த பாடங்களுக்குக் கணக்கிடப்படும் அலகுகள்) வெளிநாட்டுப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது. நகையை அடகு வைத்தாவது கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. அமெரிக்காவில் இருக்கும் மச்சாள் பரீட்சை எழுதியே கிரெடிட் பெற்றாராம். எனக்கும் செலவு குறைந்த வழி உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரி, அடகுக் கடைக்குப் போவதற்கு முன், உங்களை இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லப்படும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஓரிடத்தில் பெற்ற கிரெடிட்டை ஏற்பதா, எத்தனையை ஏற்பதா என்பதை முடிவு செய்வது அதைக் கொடுத்த நிறுவனமன்று, உங்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே. எழுத்தில் பதில் வராத வரையில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்பதை வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

உங்கள் மச்சாள் எழுதியது அநேகமாக அமெரிக்காவின் கொலேஜ் போர்ட் என்ற அமைப்பு நடத்தும் கிளெப் பரீட்சையாக இருக்கும். வகுப்புக்குப் போகாமல் தாமாகப் படித்து ஒரு பாடத்தின் கிரெடிட்டைப் பெறுவதற்கு அது நல்ல வழிதான். ஆயினும் அது அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஏற்பாடு. அங்கேயும் எந்தப் பரீட்சைக்கு எவ்வளவு கிரெடிட் என்பதைக் கல்லூரிக்குக் கல்லூரி வேறாகவே தீர்மானிக்கிறார்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் சொல்வது நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தைத்தான். 1980இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகமான அங்கே அனுமதிக்கு இசட் புள்ளி பார்ப்பதில்லை. வேலை செய்துகொண்டே படிக்கலாம். பட்டம், டிப்ளோமா போன்றவற்றின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, சுயகற்றல், பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்த 50 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 30 கிரெடிட் என்ற கணக்கில் பொதுப் பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120 தேவை. 30 கிரெடிட் என்றால் 1500 மணி நேரம், அதாவது விடுமுறை நாட்களையும் சேர்த்துத் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல். கடையில் மாலை வரை நின்றுவிட்டு வருபவர் இவ்வளவையும் ஒரே ஆண்டில் சுமந்தால் பரீட்சையில் தோற்று மறுபடியும் கட்டணம் கட்ட நேரும் என்பதால், முதல் ஆண்டில் பாதி பாடங்களை மட்டும் பதிவு செய்வதே புத்திசாலித்தனம்.

கணினியில் ஆர்வமிருந்தால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தையும் பாருங்கள். வகுப்புக்குப் போவது கட்டாயமில்லை. தாமாகப் படித்துப் பரீட்சை எழுதலாம். முதல் ஆண்டை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டில் உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டில் பட்டம் என்று அமைந்திருப்பதால், குடும்பச் சூழலால் நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். மொழிமூலம் ஆங்கிலம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கியலிலேயே தொடர விரும்பினால், அரசின் உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் நடத்தும் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. முழுநேர மாணவருக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. உங்களுக்குப் பகுதிநேர வகுப்பே பொருந்தும், அதற்கான கட்டணத்தை நேரில் கேட்டறியுங்கள்.

எதில் சேர்ந்தாலும், ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் புள்ளிப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் வேறு பல்கலைக்கழகத்தில், படித்த பாடத்தை மறுபடியும் படிக்காதிருக்க விலக்களிப்புக் கோரினால், பாடத்தின் பெயரை மட்டுமன்றி, அதில் என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்பதையும் கேட்பார்கள்.