கூட்டுப் பத்திர வீடும் ரப்பர் தோட்டமும்

சகோதரி, விவாகரத்தானால் சொத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாண்டம் வீடு உங்கள் இருவர் பெயரில், வங்கிக் கடன் பாக்கி. குலசேகரம் ரப்பர் தோட்டம் கணவர் பெயரில், வாங்கியதோ உங்கள் நகையை விற்று என்கிறீர்கள். விவாகரத்தானால் பாதிக்குப் பாதி என்று நம் சட்டத்தில் தானாகக் கிடைக்காது. பத்திரத்தில் யார் பெயர், பணம் யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். நகை விற்ற ரசீதைத் தேடுங்கள். சீதனம், அதாவது பெண்ணுக்கென்று கொடுத்த நகையும் பொருளும், மனைவிக்கே சொந்தம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாண ஆல்பமும் இருக்கட்டும், கழுத்தில் கிடந்தது அதில் தெரியுமே!

வீட்டை அவருக்கு விடுவதானாலும் அவசரப்பட்டு உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதாதீர்கள். நீங்களும் கையெழுத்திட்ட கடன் விவாகரத்தோடு போகாது. முதலில் வங்கி உங்கள் பெயரை எழுத்தில் நீக்கட்டும். அப்புறம், தோட்டத்துக்கு இன்றே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அது கைமாறியிருக்கிறதா, அடமானத்தில் இருக்கிறதா என்று தெரியும். வழக்குக்கு முன்னே தம்பி பெயருக்கு மாற்றிவிடுகிற ஆட்களும் உண்டு.