சம்பளத்தோடு ஐரோப்பாவில் பிஎச்.டி.

கேள்வி: முதுகலை முடித்துவிட்டேன். ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்ய ஆசை, கையில் பணமில்லை. உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: உதவித்தொகை என்று மட்டும் தேடாதீர்கள், வேலை என்றும் தேடுங்கள். நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் ஒரு பணியிடம்தான். பல்கலைக்கழகமே விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும், மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. ஜெர்மனியிலும் இப்படி நிறைய இடங்கள் உண்டு, ஆனால் 65 அல்லது 75 சதவீதப் பணி என்று ஒப்பந்தம் போட்டு அதற்கேற்ற சம்பளம் தருவதும் அங்கே சகஜம், கவனித்துப் படியுங்கள். யூராக்சஸ் தளத்தில் பல நாட்டு விளம்பரங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அப்புறம், ஆய்வாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி திட்டத்தை விட்டுவிடாதீர்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஒரே சிக்கல், பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. பிரான்சில் 2 வருடம் படித்து இப்போதுதான் முடித்தவருக்குப் பிரான்ஸ் இடம் கிடைக்காது, ஆனால் பெல்ஜியத்துக்குத் தாராளமாக முயலலாம்.

தயவுசெய்து ஒரே கடிதத்தை எல்லாப் பேராசிரியர்களுக்கும் அனுப்பாதீர்கள். அவருடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்து, உங்கள் முதுகலை ஆய்வு அதில் எங்கே பொருந்துகிறது என்று நாலு வரியில் எழுதுங்கள்.