விடுதி நடைபாதைக் கதவு ஏன் தானாகவே மூடிக்கொள்கிறது? அதைத் திறந்தே வைத்தால் என்ன?

அது தீத்தடுப்புக் கதவு. தீயையும் புகையையும் குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் 30 அல்லது 60 நிமிடம், ஒரு பக்கத்திலேயே நிறுத்திவைக்கும் கனமான கதவு.

தீ விபத்துகளில் பலரைக் கொல்வது நெருப்பு இல்லை, புகைதான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடலாம். ஓர் அறையில் சார்ஜர் தீப்பற்றினால், புகை நடைபாதைக்கு வந்து, மாடிப்படி வழியாக மேல்தளங்களுக்கு ஏறிவிடும். எல்லோரும் தப்பிக்க வேண்டிய வழியும் அதே மாடிப்படிதான். அதனால்தான் அங்கே இந்தக் கதவு.

கதவின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், ஒரு மெல்லிய பட்டை ஓடும். சூடு பட்டால் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். ஆனால் கதவு சாத்தியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பது, கொட்டும் மழையில் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது போலத்தான். (சில இடங்களில் காந்தம் கதவைத் திறந்தபடி பிடித்திருக்கும், அலாரம் அடித்ததும் விட்டுவிடும். அது சரி. நாற்காலிக்கு அலாரம் கேட்காதே!)

“சாத்திவைத்தால் அவசரத்தில் உள்ளே மாட்டிக்கொள்வோம்” என்று பலர் பயப்படுகிறார்கள். சாத்துவது வேறு, பூட்டுவது வேறு. முறையாகப் பொருத்திய கதவு வெளியேறுகிறவருக்குச் சாவி இல்லாமலே திறக்கும்.